பசியை அடக்கும் ஊசி: ஏறும் கணக்கும் இறங்கும் கணக்கும்

மதியச் சாப்பாடு முடிந்துவிட்டது. சொதியோ கூட்டாஞ்சோறோ, வயிறு முட்டச் சாப்பிட்டு, இனி ஒரு பருக்கைகூட இறங்காது என்று இலையை மூடியும் ஆயிற்று. அந்த நேரம் பார்த்துக் கீழ ரத வீதியில் வாங்கி வந்த அல்வாப் பொட்டலத்தை யாரோ பிரிக்கிறார்கள். சூடு ஆறாத அல்வா, நெய் கசியக் கசிய. வேண்டாம் என்று சொல்பவர்கள் திருநெல்வேலியில் குறைவு. அப்படியானால் வயிறு நிரம்பிவிட்டது என்றது பொய்யா? அல்வாவுக்கென்று உள்ளே தனி அறை இருக்கிறதா? குழந்தைகள் இதைக் கேட்டால் பெரியவர்கள் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் இன்று ஊரெங்கும் கேட்கப்படும் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்ல முடியும்: வயிற்றுத் தோலில் வாரம் ஒருமுறை போடும் ஊசி, சோற்றின் மீதுள்ள நாட்டத்தையே எப்படிக் குறைக்கிறது?

டிர்செபடைடு என்ற மருந்து மௌஞ்சாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியச் சந்தைக்கு வந்தது. செமாக்ளூடைடு, எடை குறைப்புக்கான வெகோவி ஊசியாக அதே ஆண்டு ஜூனில் வந்தது. இவை பசியடக்கிகள், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவை. இவை நல்லவையா கெட்டவையா என்று ஒரே வரியில் தீர்ப்புக் கேட்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒரே மருந்து ஒருவருக்கு மாரடைப்பைத் தள்ளிப்போடுகிறது, இன்னொருவரை முன்னைவிடப் பலவீனமாக்கி விடுகிறது. வேறுபாடு பெரும்பாலும் காலக் கணக்கில் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக அளவை ஏற்றினார்கள், பசி குறைந்த மாதங்களில் என்ன சாப்பிட்டார்கள், நிறுத்துவதைப் பற்றி எப்போது யோசித்தார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு.

நிறைவு என்பது எங்கே உண்டாகிறது?

பசி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. முதலாவதை உடற்பசி எனலாம். மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. உடலில் எவ்வளவு கொழுப்பு சேமிப்பில் இருக்கிறது, குடலில் இப்போது என்ன இருக்கிறது என்ற தகவல்கள் ரத்தத்தின் வழியாகவும் நரம்புகளின் வழியாகவும் அங்கே வந்துகொண்டே இருக்கும். கொழுப்புத் திசு அனுப்பும் தகவலுக்கு லெப்டின் என்று பெயர். காலி வயிறு அனுப்புவதற்கு க்ரெலின். இரண்டாவது சுவைப்பசி. சேமிப்பு எவ்வளவு என்பதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. மணம், நிறம், பழைய நினைவு, புதிய சுவை இவையே அதைக் கிளப்பும். சோற்றின் சுவைக்கு அலுத்துப்போன மூளை இனிப்புக்கு இன்னும் அலுக்கவில்லை. அல்வாவுக்குக் கிடைத்த இடம் வயிற்றில் இல்லை, மூளையில்தான்.

உணவு சிறுகுடலுக்குள் இறங்கும்போது குடல்சுவரின் செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. இதை நிறைவு ஹார்மோன் என்று வைத்துக்கொள்வோம். கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்வது, இரைப்பை காலியாகும் வேகத்தைக் குறைப்பது, போதும் என்ற சேதியை மூளைக்குச் சேர்ப்பது ஆகிய மூன்று வேலைகளை அது செய்கிறது. ஆனால் ரத்தத்தில் அது நிலைப்பது ஏறக்குறைய 2 நிமிடங்களே. ஒரு நொதி அதை வெட்டிப்போட்டுவிடும். இயற்கை இப்படி வைத்ததில் காரணம் இருக்கிறது. நாள் முழுக்கப் போதும், போதும் என்று சொல்லிக்கொண்டிருக்கும் உடல் பஞ்ச காலத்தைத் தாண்டியிருக்காது.

வரத்து குறைந்தால் மதகும் இறங்கும்

வாயைக் கட்டினால் போதாதா, இதற்கெல்லாம் ஊசி எதற்கு என்பது முதல் எதிர்ப்பு. நியாயமாகத் தோன்றும் எதிர்ப்புத்தான். பலர் வாயைக் கட்டி 6, 7 கிலோ குறைக்கவும் செய்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோருக்கு ஓரிரு ஆண்டுகளில் அந்த எடை திரும்பிவிடுவது ஏன்? பாபநாசம் அணைக்கு மழைவரத்து குறைந்தால் என்ன செய்வார்கள்? தாமிரபரணியில் திறந்துவிடும் நீரைக் குறைத்து, இருப்பைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். உடலும் அதையேதான் செய்கிறது. உணவு குறைந்தவுடன் செலவைச் சுருக்குகிறது, கூடவே பசியை ஏற்றுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனான 50 பேர் 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்தார்கள். சராசரியாக 13 கிலோவுக்கு மேல் குறைந்தது. ஓராண்டு கழித்து ரத்தத்தைச் சோதித்தபோது, லெப்டின் இன்னும் தாழ்ந்தே இருந்தது, க்ரெலின் உயர்ந்தே இருந்தது. விரதம் முடிந்து ஒரு வருடமாகியும் அவர்கள் உடல் பஞ்சம் முடிந்ததாக நம்பவில்லை.

எல்லாம் மனவுறுதிக் குறைவு என்பவர்களுக்கு இன்னொரு கணக்கைக் காட்டலாம். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16-இல் தமிழ்நாட்டுப் பெண்களில் அளவுக்கு மிஞ்சிய எடையுடையவர்கள் 30.9 விழுக்காடு. 2019-21-இல் அது 40.4. ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. ஐந்தே ஆண்டுகளில் தமிழ் மக்களின் மனவுறுதி இப்படிக் கரைந்துபோயிற்று என்று நம்புவதா, இல்லை நம்மைச் சுற்றியுள்ள உணவும் உழைப்பும் மாறிவிட்டன என்று நம்புவதா? இரண்டாவதுதான் பொருந்துகிறது. நாற்றங்காலிலும் நடவிலும் குனிந்து நிமிர்ந்த உடல் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. உடல் காக்கப் பார்க்கும் எடையின் மட்டமே உயர்ந்துவிட்டது. மருந்து தலையிடுவது அந்த மட்டத்தில்.

பல்லி கொடுத்த யோசனை

2 நிமிட ஹார்மோனை வைத்து மருந்து செய்ய முடியாது. வழி காட்டியது அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா என்ற நச்சுப் பல்லி. அதன் நச்சில் நம் நிறைவு ஹார்மோனைப் போன்ற, ஆனால் எளிதில் சிதையாத ஒரு பொருள் இருப்பதை 1990-களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற மருத்துவர் கண்டுபிடித்தார். அதிலிருந்து 2005-இல் சர்க்கரை நோய்க்கான எக்செனடைடு வந்தது. நாளுக்கு இரண்டு ஊசி. பிறகு வந்த செமாக்ளூடைடு, ரத்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு சிதையாமல் நிற்கும்படி மாற்றி வடிக்கப்பட்டது. அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஓர் ஊசி என்ற கணக்கு அங்கிருந்து வருகிறது. இதன் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும்: வாந்தி தாங்க முடியவில்லை என்று இன்று நிறுத்தினாலும் மருந்து உடலைவிட்டு நீங்க வாரக்கணக்காகும்.

1,961 பேரிடம் 68 வாரம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், செமாக்ளூடைடு 2.4 மில்லிகிராம் பெற்றவர்களின் எடை சராசரியாக 14.9 விழுக்காடு குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களுக்கு 2.4 விழுக்காடு. வேறோர் ஆய்வில், டிர்செபடைடின் உயர்ந்த அளவில், 72 வாரத்தில் 20.9 விழுக்காடு. எடை இயந்திரத்தில் தெரியும் எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2023-இல் வந்த இன்னொரு முடிவு. ஏற்கெனவே இதய நோயுள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பருமனானவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் செமாக்ளூடைடு 20 விழுக்காடு குறைத்தது. ஒரு பசியடக்கி இதயத்தைக் காப்பாற்றியதாகப் பெரிய ஆய்வொன்று காட்டியது அதுவே முதல் முறை. அதற்கு முந்தைய பசியடக்கிகளின் கதை நேர்மாறானது.

முன்பு வந்து போனவை

எத்தனையோ எடை மருந்துகள் வந்தன, எல்லாம் தடை செய்யப்பட்டன, இதுவும் அப்படித்தான் ஆகும் என்று சொல்பவர்கள் வரலாறு தெரிந்தவர்கள். ஃபென்ஃப்ளூரமின் என்ற மாத்திரையை ஃபென்டர்மினுடன் சேர்த்துச் சாப்பிடுவது 1990-களில் அமெரிக்காவில் பெரும் பழக்கமானது. அப்படிச் சாப்பிட்ட 24 பெண்களுக்கு இதய வால்வு கெட்டிருந்ததை மாயோ கிளினிக் மருத்துவர்கள் 1997-இல் எழுதினார்கள். அதே ஆண்டில் ஃபென்ஃப்ளூரமின் திரும்பப் பெறப்பட்டது. அடுத்து ரிமோனபன்ட். சுவைப்பசியைத் தூண்டும் மூளை வழியை அது அடைத்தது. அதே வழியில்தான் மனமகிழ்ச்சியும் ஓடுகிறது என்பதால் மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் சிலரிடம் தோன்றின. இந்தியா 2009 டிசம்பரில் தடை செய்தது. சிபுட்ரமின் என்ற மற்றொரு மாத்திரையை ஏறக்குறைய பத்தாயிரம் பேரிடம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வெற்று மாத்திரைக் குழுவில் 10 விழுக்காடாகவும் மருந்துக் குழுவில் 11.4 விழுக்காடாகவும் இருந்தன. 2011 பிப்ரவரியில் அதற்கும் இந்தியா தடை விதித்தது.

இந்த மூன்று கதைகளிலிருந்தும் நான் எடுத்துக்கொள்வது எடை மருந்தெல்லாம் மோசடி என்பதை அல்ல. எடை குறைந்தது என்பது மட்டும் ஒரு மருந்தின் தகுதிக்குச் சான்றாகாது. எடை குறைந்தவர்கள் அதிகம் வாழ்ந்தார்களா, நன்றாக வாழ்ந்தார்களா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் புதிய ஊசிகள் இதுவரை நல்ல பதிலைத் தந்திருக்கின்றன, அதுவும் குறிப்பிட்ட சிலருக்கு. நோய் எதுவுமில்லாமல் கல்யாணப் புடவையோ சட்டையோ பொருந்த வேண்டும் என்பதற்காக மூன்று மாதம் போட்டுக்கொள்பவர்களுக்கு அந்தப் பதில் பொருந்தாது. அவர்களை வைத்து யாரும் அத்தகைய ஆய்வு நடத்தவில்லை.

பாளையங்கோட்டையில் ஒருவர்: ஒரு கணக்கு

கணக்குக்காக ஒருவரை உருவாக்கிக்கொள்வோம். வயது 48, பாளையங்கோட்டையில் மேசை வேலை, உயரம் 155 செ.மீ., எடை 76 கிலோ. எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண், இவருக்கு 31.6. எண் 30-க்கு மேல் இருந்தால், அல்லது 27-க்கு மேல் இருந்து சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோயும் இருந்தால் இந்த மருந்து பரிசீலிக்கப்படும். இவருக்கு ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். செமாக்ளூடைடு தொடங்கலாம் என்று மருத்துவர் முடிவு செய்கிறார்.

முதல் ஊசி 0.25 மில்லிகிராம். எடையைக் குறைக்க அந்த அளவு போதவே போதாது. 4 வாரம் அதே அளவு, அடுத்த 4 வாரம் 0.5, பிறகு 1, பிறகு 1.7, கடைசியில் 2.4. உச்சத்துக்கு வர 16 வாரம் ஆகிறது. ஏன் இந்த நிதானம்? இரைப்பையின் வேகத்தைத் திடீரென்று குறைத்தால் உள்ளே போனது அங்கேயே தங்கிக் குமட்டும். படிப்படியாக ஏற்றிய ஆய்விலேயே 44 விழுக்காட்டினருக்குக் குமட்டல் இருந்தது. வெற்று ஊசிக்காரர்களுக்கு 17. ஊசி போட்ட மறுநாள் தேங்காய்ப்பால் சொதியும் உருளைக்கிழங்கு பொரியலுமாக ஒரு பிடி பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரைப்பையில் அதிக நேரம் தங்குவது கொழுப்பு நிறைந்த உணவுதான். ஏற்கெனவே மெதுவாக்கப்பட்ட இரைப்பைக்கு அது இரட்டைச் சுமை. சொதியை விலக்க வேண்டியதில்லை. ஒரு கரண்டி போதும். போதும் என்று தோன்றிய கணத்தில் கை நிற்க வேண்டும். இலையில் வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்று வளர்ந்த தலைமுறைக்கு ஊசியைவிட இது கடினம்.

முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டிய ஆபத்து கிளிமிபிரைடு. சோறு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை அது. பசி குறைந்து பாதி இட்லியோடு எழுந்தவருக்குப் பழைய அளவு மாத்திரையும் சேர்ந்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து மயங்கலாம். இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே நிலைதான். எனவே ஊசி தொடங்கும் நாளிலேயே மாத்திரையின் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூரில் விரதம் இருப்பவர்களும் மேலப்பாளையத்தில் ரம்ஜான் நோன்பு வைப்பவர்களும் அதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். விரத நாளில் பசிக்காது என்பது வசதியாகத் தோன்றும். தாகமும் சேர்ந்து மங்குவதுதான் சிக்கல். வாந்தி, பேதி, வெயில் மூன்றும் சேர்ந்தால் நீர் வற்றிச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

இப்போது தட்டுக்கு வருவோம். இவர் முன்பு நாளுக்கு 1,900 கலோரி சாப்பிட்டார், அதில் 50 கிராம் புரதம் என்று கொள்வோம். ஊசிக்குப் பிறகு 1,200 கலோரிதான் இறங்குகிறது. அதே சோறு, அதே குழம்பு, அளவு மட்டும் குறைவு என்றால் புரதம் 32 கிராமாகச் சரியும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வகுத்த அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம், இவருக்கு 63 கிராம். பாதிதான் கிடைக்கிறது. மீதியை உடல் தன் தசையிலிருந்து எடுத்துக்கொள்ளும். 2021 ஆய்வில் ஸ்கேன் மூலம் உடலமைப்பு அளக்கப்பட்ட சிறு குழுவில், குறைந்த எடையில் சுமார் 40 விழுக்காடு கொழுப்பல்லாத பகுதி. சர்க்கரை நோயாளிகளுக்கு எடை சற்றுக் குறைவாகவே இறங்கும், அவர்களுக்கான ஆய்வில் 9.6 விழுக்காடு. அந்தக் கணக்கில் நம்மவர் 7.3 கிலோ இழந்தால், அதில் ஏறக்குறைய 3 கிலோ தசையும் அதைச் சார்ந்ததுமாக இருக்கக்கூடும்.

வெள்ளைக்காரருக்கு இந்த இழப்பு ஒரு மாதிரி, நமக்கு வேறு மாதிரி. புனேயின் மருத்துவர் யாக்னிக்கும் லண்டனின் யூட்கினும் 2004-இல் தங்கள் இருவரின் படத்தையே லான்செட் இதழில் வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே, 22.3. யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக் உடலில் 21.2. ஒரே எடையில் நம்மிடம் கொழுப்பு அதிகம், தசை குறைவு. கையிருப்பே குறைவாக உள்ளவரால் அதிலிருந்து 3 கிலோ கொடுக்க முடியாது. சர்க்கரையை உறிஞ்சிப் பயன்படுத்தும் பெரிய இடம் தசைதான் என்பதால் இழப்பு நடையிலும் தெரியும், சர்க்கரை அளவிலும் தெரியும்.

பதில் விலையுயர்ந்த புரதப் பொடியில் இல்லை. காலையில் ஓர் இட்லியும் 2 முட்டையும்: 14 கிராம். பதினொரு மணிக்கு மோர்: 3. மதியம் ஒரு சிறு கிண்ணம் சோறும் 100 கிராம் சாளை மீனும்: 23. மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல்: 13. இரவில் ஒரு தோசை, 50 கிராம் பாசிப்பருப்பு வேகவைத்த கூட்டு: 14. கூட்டினால் 67. சைவர்கள் மீனுக்குப் பதிலாகப் பனீரோ சோயாவோ சேர்க்கலாம். வரிசையையும் மாற்ற வேண்டும்: முட்டை, மீன், பருப்பு முதலில், சோறு கடைசியில். நிறைவு முந்திக்கொண்டு வந்தால் மிச்சமாவது சோறாக இருக்கட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது எல்லாம் அதில் அடங்கும். நடை மட்டும் போதாது.

யார் தொடவே கூடாது

இங்கே விவாதத்துக்கு இடமில்லை, விரைவாகவே சொல்லிவிடலாம். தைராய்டில் வரும் மெடுல்லரி என்ற வகைப் புற்றுநோய் தமக்கோ குடும்பத்திலோ இருந்தவர்கள், கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்க எண்ணுபவர்கள் இந்த ஊசிகளைத் தவிர்க்க வேண்டும். செமாக்ளூடைடைக் கருத்தரிப்புக்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். டிர்செபடைடு கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும். தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறை அளவை ஏற்றிய பிறகும் 4 வாரம் வேறு தடுப்பு முறையும் தேவை. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். கணைய அழற்சி வந்தவர்கள் மருத்துவரிடம் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். எடை வேகமாக இறங்கும்போது பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு, சர்க்கரை சட்டென்று இறங்குவதால் விழித்திரை நோய் சில சமயம் மோசமாகலாம் என்பதால், முன்னதாகக் கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அறுவைச் சிகிச்சைக்கு மயக்கம் கொடுப்பவரிடம் இந்த ஊசி போடுவதை மறைக்கவே கூடாது. வெறும் வயிறு என்று அவர் நினைத்திருக்க, உள்ளே நேற்றைய உணவு கிடக்கலாம்.

நிறுத்தினால்?

இனி இந்தப் பேச்சின் மையத்துக்கு வரலாம். 2021 ஆய்வு முடிந்து மருந்து நிறுத்தப்பட்டவர்களில் ஒரு பகுதியினரை ஓராண்டு தொடர்ந்து பார்த்தார்கள். இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. வேறோர் ஆய்வில் 20 வாரம் எல்லோருக்கும் மருந்து கொடுத்து, பிறகு ஒரு பகுதியினருக்குச் சொல்லாமல் வெற்று ஊசிக்கு மாற்றினார்கள். தொடர்ந்தவர்களுக்கு மேலும் 7.9 விழுக்காடு குறைந்தது, மாற்றப்பட்டவர்களுக்கு 6.9 விழுக்காடு ஏறியது. மருந்து உடலின் மட்டத்தை மாற்றி எழுதுவதில்லை, இருக்கும்வரை அழுத்திப் பிடிக்கிறது. கை எடுத்தால் பழைய மட்டம் தேடிப் போகிறது. முன்பு சொன்ன 3 கிலோவை இதோடு சேர்த்துப் பாருங்கள். எடை திரும்பும்போது கொழுப்பு வேகமாகவும் தசை மெதுவாகவும் திரும்புகிறது என்பதை உணவுக் கட்டுப்பாட்டு ஆய்வுகள் முன்பே காட்டியிருக்கின்றன. போட்டு நிறுத்தி, மறுபடி போட்டு நிறுத்தினால், எடை இயந்திரம் பழைய 76-ஐக் காட்டும். உள்ளே இருப்பவர் பழையவர் அல்லர்.

அப்படியென்றால் ஆயுள் முழுக்க ஊசிக்கு அடிமையா என்ற கேள்வி எழுகிறது. ரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் 2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லை. பருமனும் நெடுநாள் நோய்தான் என்று ஏற்றுக்கொண்டால் நெடுநாள் மருந்தில் வெட்கம் இல்லை. ஆனால் இந்த ஒப்பீடு ஒரு பக்கம்தான் சரி. அழுத்த மாத்திரை சில ரூபாய். டிர்செபடைடு அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதத்துக்கு 4 ஊசி என்றால் 14,000 முதல் 17,500 வரை. முக்கூடலில் பீடி சுற்றும் பெண்ணுக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது, உட்கார்ந்தே செய்யும் வேலை. அவர் கடன் வாங்கி இரண்டு மாதம் போட்டு நிறுத்தினால் மிஞ்சுவது கடனும் தசையிழப்பும்தான். செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான் என்பதால் உள்ளூர் நிறுவனங்களின் மலிவான வடிவங்களுக்கு வழி திறக்கிறது. அது நல்ல செய்தி, அதே நேரம் கவலையும்கூட: விலை இறங்க இறங்கச் சீட்டு இல்லாத விற்பனையும் பெருகும்.

ஆகவே என் முடிவு இது. உடல் நிறை எண் உயர்ந்து, கூடவே சர்க்கரையோ இதய நோயோ மூட்டுத் தேய்மானமோ இருப்பவர், குறைந்தது இரண்டு ஆண்டுச் செலவைத் தாங்க முடியுமானால், கண்காணிப்போடு தொடங்கலாம். நோயில்லாமல் 5 கிலோ குறைக்க விரும்புபவருக்கு இந்த மருந்து தேவையில்லை. அவர் பெறும் பலன் தற்காலிகம், ஏற்கும் ஆபத்து அப்படியல்ல. தொடங்குகிறவர் முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்க வேண்டியது: எந்த இலக்கை அடைந்தால் அளவைக் குறைப்போம், எதற்குப் பிறகு நிறுத்துவோம், நிறுத்திய ஆறு மாதம் என்னை யார் பார்ப்பார்கள்? பதில் இல்லாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

மூலிகை என்றால் பயமில்லையா?

மருந்துதானே ஆபத்து, இயற்கைக்குத் திரும்பலாமே என்பவர்களுக்காக இரண்டு செடிகள். தென்மாவட்டத்துப் பொட்டல் காடுகளில் முளைக்கும் கள்ளிமுளையான் பசியைத் தணிக்கும் என்று பழங்காலமாகச் சொல்வார்கள். அதன் சாற்றை 50 பேருக்கு 60 நாள் கொடுத்துப் பெங்களூரில் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். பசி உணர்வும் இடுப்புச் சுற்றளவும் சற்றுக் குறைந்தன. எடையில் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மலையோரத்தில் மீன்குழம்புக்குப் போடும் குடம்புளியின் சாறு உலகெங்கும் எடைக் குறைப்பு மாத்திரையாக விற்கிறது. 135 பேரிடம் 12 வாரம் நடந்த 1998 ஆய்வில் அது எடையைக் குறைக்கவில்லை. குழம்பில் போட்டால் ருசி. அடர்த்தியாக்கி மாத்திரையாக விழுங்கியவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. செடியிலிருந்து வந்தது என்பதால் ஒரு பொருள் ஆபத்தற்றதாகிவிடாது. பல்லியின் நச்சும் இயற்கைதான்.

வெயிலும் குப்பியும்

இந்த ஊசி மருந்துகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. வெளியில் சில வாரம் வைக்கலாம் என்றாலும் 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. மே மாதத்தில் பாளையங்கோட்டை வெயில் 38-ஐத் தாண்டும்; பைக் பெட்டியில் ஒரு மணி நேரம் கிடந்த பேனா வடிவ ஊசியை நம்ப முடியாது. உறைபெட்டியில் வைத்து உறைந்துபோனதும் வீண். எனவே கடையில் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்களா என்று பாருங்கள், ஐஸ் பையோடு வாங்குங்கள், ரசீது கேளுங்கள். போலிச் செமாக்ளூடைடு சில நாடுகளில் பிடிபட்டதைச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரித்தது. வாட்ஸ்அப் விளம்பரத்தில் பாதி விலைக்கு வருவது அந்த வகையாக இருக்கலாம். ஒருவர் பேனாவை இன்னொருவர், ஊசி முனையை மாற்றினாலும்கூட, பயன்படுத்தக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் ஊசி விட்டுப்போனால் பழைய உயர்ந்த அளவிலேயே மறுபடி தொடங்காமல் மருத்துவரைக் கேளுங்கள். குடல் அதற்குள் பழக்கத்தை இழந்திருக்கும்.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பரவும் கடும் வலி, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், திடீரென்று ஒரு கண்ணில் பார்வை மங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஊசியைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போகும்போது மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், கடைசியாகப் போட்ட தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையில் கொண்டுபோங்கள்.